தாத்தாவின் கால்மாட்டில் மரவள்ளி

நானும் அப்பாவும் மட்டும் கிளம்பினோம்; பேய்க்குப் பயந்த அம்மா வரவில்லை. ஜப்பான்காரன் காலத்துப் பசி. மலாயாவின் காஜா பேராங் ஊரில், ஈயம் தோண்ட முதன்முதலில் வந்த சீனர்களின் பழைய இடுகாட்டில் மரவள்ளி நடப் போனோம். "யாரும் தேடி வராத அநாதைக் கல்லறைங்கப்பா" என்று, வீட்டில் முதலில் படித்தவன் என்ற தோரணையில் நான்தான் சொல்லியிருந்தேன்.

முதல் குச்சியை ஊன்றியதுமே பக்கத்து வீட்டுச் சியூ அக்கா ஓடிவந்து மலாயில் கத்தினார்: "டேய் தம்பி, அது என் தாத்தா தலைடா!"

"மன்னிச்சிரும்மா, வீட்டுல அரிசி இல்ல. பிடுங்கிடுறோம்" என்றார் அப்பா.

அக்கா தணிந்தார். "அவரும் பசியிலதான் கப்பலேறி வந்தாரு. கால்மாட்டுல நட்டுக்குங்க. அவருக்கு ஒரு கிழங்கு, எனக்கு ஒண்ணு!"

அறுவடையன்று பார்த்தால், அங்கிருந்த பதினொரு கல்லறையிலும் அவருடைய தாத்தாக்களாம்! "நெசமாவாக்கா?" என்றேன்.

"கேக்க ஆளில்லாதவங்களுக்கு நான்தான்டா பேத்தி" என்று கூடையை நீட்டினார்.

அதன்பின் எவரையும் நான் அநாதை என்று சொன்னதில்லை. அதற்கு எங்களுக்கு ஆன செலவு, இருபத்திரண்டு கிழங்கு.