மீன் ஆகாத நாய்

சிதம்பரத்தில் என் அக்கா மகள் வீட்டுப் பின்பக்கம், துணிக்கொடி கட்டிய சுவரில், ஓர் ஆணியில் நீல நிற பிளாஸ்டிக் வாளி ஒன்று தொங்குகிறது. அதற்கு அடி கிடையாது. கைப்பிடியும் கிடையாது. அடியை அறுத்தெடுத்த விளிம்பைச் சுற்றிப் பழைய வலை நூலால் நெருக்கமாகப் பின்னல் போட்டிருக்கும். புதிதாக வருகிறவர்கள் பார்த்துவிட்டு, உடைந்த வாளியை ஏன் மாட்டி வைத்திருக்கிறாய் என்று கேட்பார்கள். "அது அப்பாவுது" என்பாள் அவள். அதற்கு மேல் சொல்ல மாட்டாள். செய்தவர் என் அக்காவின் கணவர். நான் அவரை மாமா என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். ஒரு சின்ன நாயின் கழுத்துக்காகச் செய்த வாளி அது.

மாமாவின் வீடு கடலூர் துறைமுகத்துக்குத் தெற்கே ஒரு கடலோரக் குப்பத்தில் இருக்கிறது. பைபர் போட் வைத்துத் தொழில் செய்தவர். ஒரே மகள். அவள் கல்லூரியில் படித்தபோது எங்கிருந்தோ வெள்ளை வெளேரென்று ஒரு பொமரேனியன் குட்டியைத் தூக்கி வந்து, பஞ்சு என்று பெயரும் வைத்தாள். "ஒழுங்கா கொரைக்கவும் தெரியல, காவலுக்கும் ஆகல, இதெல்லாம் ஒரு நாயா?" என்று மாமா அதைத் தாண்டித் தாண்டிப் போவார். படிப்பு முடிந்ததும் மகள் தன்னோடு படித்த பையனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றாள். சிதம்பரத்தில் மேல வீதிக்குப் பின்னால் வீடு, சைவக் குடும்பம். மாமா முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார். பேசி முடிக்கப் போன அன்று, பையனுடைய அத்தை வாசலிலேயே நின்று, "அந்தக் குழாயில கை கழுவிட்டு வந்துடுங்க, மீன் வாடை எங்களுக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டார். அந்தம்மா மனதில் எதையும் வைத்துச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் மாமா அன்று விடிகாலையிலேயே தலைக்குக் குளித்து, புது வேட்டி கட்டி, சென்ட் வேறு போட்டுக்கொண்டு போயிருந்தார். வாசலோடு திரும்பி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தவர்தான். "மீனு ஆகாத ஊட்ல எனக்கு இன்னா வேல?" என்றார். கல்யாணம் அவர் இல்லாமல் நடந்தது. மகளோடு பேச்சு நின்றது. பஞ்சுவை மகள் கேட்டு அனுப்பியபோது மட்டும், "நாயி இங்கதான் இருக்கும்" என்று பதில் போனது.

சில மாதங்களில் பஞ்சு சொறிய ஆரம்பித்தது. முதலில் காது ஓரம், பிறகு அக்குள், வயிறு, வாலின் அடி. பின்னங்காலால் அது சொறியும்போது கால் சிமெண்ட் தரையில் தட்டுகிற சத்தம் தெருவுக்கே கேட்கும். கால் விரல்களைக் கடித்துக் கடித்து நக்கும். கொத்துக் கொத்தாக முடி உதிர்ந்து, உள்ளே தோல் சிவந்து தடித்துத் தெரிந்தது. பெயருக்குக்கூடப் பஞ்சு இல்லை. கடலில் கிடக்கிறவர்களுக்கு எந்தப் புண்ணுக்கும் உப்புத் தண்ணீர்தான் மருந்து. மாமா தினமும் அதை இடுப்பளவுத் தண்ணீரில் முக்கி எடுத்தார். வீட்டுக்கு வந்ததும் வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துத் தடவினார். நாய் மஞ்சள் நிறமானதே தவிர அரிப்பு குறையவில்லை. உடம்பில் தெம்பு இருந்தால் முடி தானாக முளைக்கும் என்று நல்ல மீனாகப் பார்த்து எடுத்து வைத்தார். நெத்திலி, சங்கரா, முள் நீக்கிய வஞ்சிரத் துண்டு என்று நாயின் சாப்பாடு ஏறிக்கொண்டே போனது. முடி கொட்டக் கொட்ட மீன் உசத்தியானது. விருந்தாளியாகப் போன எனக்குக்கூட அந்த வஞ்சிரம் கிடைத்ததில்லை.

தெருவில் பேச்சு வந்தது. சொறி நாய், குழந்தைகள் தொட்டு விளையாடுகின்றன, ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரர், "நீ ஒண்ணியும் பண்ண வேணாண்ணே, நானே ஆட்டோல போட்டு எடுத்துனு போறேன்" என்று வந்து நின்றார். மாமா சண்டைக்குப் போகவில்லை. வலையைக் கோத்துக்கொண்டே, "அவ வந்து கேட்டா நான் இன்னா சொல்றது?" என்றார். அக்கா இதைப் போனில் என்னிடம் சொன்னபோது அழுதாள். மகள் வருவாள் என்ற நினைப்பு அவருக்கு இருந்தது என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. அந்த நாய் போனால் மகள் திரும்பி வர அவர் வைத்திருந்த ஒரே காரணமும் போய்விடும்.

சிதம்பரத்தில் நாய்களுக்குத் தோல் வியாதி பார்க்கிற ஒரு டாக்டரம்மா இருக்கிறார் என்று அக்காதான் சொன்னாள். கடலூரில் டாக்டரே இல்லையா என்று கேட்டேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். மாமாவுக்குத் தெரியாமல் மகளோடு தினமும் போனில் பேசுகிறவள் அவள். தகவல் எங்கிருந்து வந்தது என்று புரிந்துகொண்டு, திருப்பாதிரிப்புலியூரில் என் வீட்டிலிருந்து ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன். பின்னால் மாமா, அவர் மடியில் துண்டு சுற்றிய நாய்.

டாக்டரம்மா பிளேடால் தோலைச் சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். பூச்சி எதுவும் இல்லை, இது யாருக்கும் ஒட்டாது என்றார். என்ன சாப்பாடு போடுகிறீர்கள் என்று கேட்டார். மாமா நிமிர்ந்து உட்கார்ந்து மீன்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொன்னார். "அதைத்தாங்க நிறுத்திப் பார்க்கணும். சில நாய்க்கு சில சாப்பாடு சேராது. ரெண்டு மாசத்துக்கு மீனு, கருவாடு, எறா எதுவும் வாயில படக்கூடாது. கடல் தண்ணியும் எண்ணெயும் வேண்டவே வேண்டாம், புண்ணு இன்னும் எரியும்" என்றார் அவர். மாமா என் பக்கம் திரும்பினார். "மீனு ஆகாதாமே மச்சான். ஊரு ஒலகத்துல எவ்ளோ ஊடு இருக்கு, இது எங்கூட்ல வந்தா வாச்சிக்கணும்?" எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். கடிக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டுகிற பிளாஸ்டிக் கூம்பு ஒன்றை டாக்டரம்மா காட்டினார். மாமா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ஒடஞ்சிரும்" என்று வைத்துவிட்டார். அன்று சாயங்காலம்தான் நீல வாளியின் அடி போனது. அறுத்த விளிம்பு கழுத்தை உரசக் கூடாதென்று வலை நூல் சுற்றினார். அவர் கையில் அத்தனை பொடிப் பின்னலை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

ஆனால் குப்பத்தில் மீன் படாமல் ஒரு நாயை வளர்க்க முடியுமா? வாசலில் கருவாடு காய்கிறது. போகிற வருகிறவர்கள் பாவம் என்று ஒரு தலையைப் போடுகிறார்கள். வாளிக்குள் விழுந்த நெத்திலியைப் பஞ்சு உள்ளேயே வைத்துத் தின்றது. அடுத்த முறை போனபோது புண் நீர் கோத்திருந்தது. டாக்டரம்மா நாயின் வாயை முகர்ந்து பார்த்தார். "இப்படியே போனா புண்ணு சீழ் பிடிச்சிரும், அப்புறம் காப்பாத்துறது கஷ்டம். மீன் சமைக்காத வீடு ஏதாவது தெரிஞ்சா அங்க கொஞ்ச நாள் விடுங்க" என்றார்.

வெளியே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். மாமா டீயைக் குடிக்கவில்லை. வாளிக்குள்ளிருந்து நாய் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அவருக்குத் தெரிந்து மீன் சமைக்காத வீடு ஒன்றுதான். டீ ஆறியபின் எழுந்து, "மேல வீதிக்கு வுடு வண்டிய" என்றார். அந்த வீட்டு வாசலில் மகள் கதவைத் திறந்ததும், எப்படி இருக்கிறாய் என்று அவர் கேட்கவில்லை. நாயை நீட்டினார். "இதுக்கு மீனு ஆகாதாம். அதான் கொண்டாந்தேன்." அவள் நாயை வாங்கிக்கொண்டு அங்கேயே அழுதாள். மாமா வாசல் குழாயைத் திறந்து, யாரும் சொல்லாமலே, முழங்கைவரை தேய்த்துக் கழுவினார். அந்த அத்தை கையில் துண்டோடு வந்து நின்றார்.

சோறு, பருப்பு, பூசணிக்காய் என்று அந்த வீட்டுச் சாப்பாட்டில் பஞ்சு தேறியது. அரிப்பு நின்றது. முதலில் வயிற்றிலும் பிறகு முதுகிலும் முடி வந்தது. வாளி ஆணிக்குப் போனது. மாமா வாரம் ஒரு நாள், கடலுக்குப் போகாத நாளில், நாயைப் பார்த்து வருகிறேன் என்று கிளம்புவார். கிளம்புமுன் எலுமிச்சம்பழத்தை அறுத்து விரலிடுக்கெல்லாம் தேய்ப்பார். "வாடை அடிச்சா அதுக்கு ஆகாது மச்சான்" என்பார். தின்றால்தான் ஆகாது என்று டாக்டரம்மா சொன்னது எனக்கு நன்றாக நினைவிருந்தது.

சில வருடங்கள் நன்றாக இருந்து, கிழடாகி, பஞ்சு போன வருடம் செத்துப்போனது. அடுத்த வாரம் இவர் போவாரா என்று அக்காவுக்கு ஒரே கவலை. என்னையும் வரச் சொல்லியிருந்தாள். மாமா எழுந்து எலுமிச்சம்பழத்தை அறுத்தார். "அந்த வாளி அங்கியே கெடக்குது மச்சான். நல்ல வாளி. போயி எடுத்தாந்துர்றேன்" என்றார். சாயங்காலம் வெறுங்கையோடு வந்தார். மறந்துவிட்டாராம். அதற்கடுத்த வாரமும் வாளி எடுக்கத்தான் போனார்.

இப்போது அவருக்கு முழங்கால் வலி. தொழிலை விட்டுவிட்டார். பஸ் ஏற முடியாததால் நான்தான் ஸ்கூட்டரில் கூட்டிப் போகிறேன். போன வாரமும் போனோம். சாப்பிட்டு, அந்த அத்தையோடு மழை வருமா வராதா என்று சண்டை போட்டுவிட்டு, மெல்ல வாசலுக்கு வந்து வண்டியில் ஏறினார். மகள் பின்பக்கம் போய் வாளியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"அப்பா, வாளி!"

மாமா திரும்பிப் பார்க்கவில்லை. என் தோளைத் தட்டி, "நீ எடு வண்டிய" என்றார். தெருமுனை திரும்பும்போது கண்ணாடியில் பார்த்தேன். அவள் சிரித்துக்கொண்டே, அதைத் திரும்ப மாட்ட உள்ளே போய்க்கொண்டிருந்தாள்.