பூசணிக்காய் வாங்கியவர் யார்?

முதலில் ஒரு மன்னிப்பு. என் கையெழுத்து நல்லதல்ல. நாள் முழுதும் சுருட்டுச் சுற்றிய விரல்கள் பேனாவையும் சுருட்டத்தான் பார்க்கின்றன. எழுத்துப் பிழையும் இருக்கும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன்; ஒற்று எங்கே மிகும் என்று சொல்லித்தரும் வகுப்பு அதற்கு மேலே இருந்தது. எங்கள் வாசிகசாலையின் கையெழுத்துப் பத்திரிகைக்கு ஏதாவது எழுதும்படி கேட்டுக்கொண்டே இருந்தார்கள். படியெடுப்பவர் திருத்திக்கொள்ள வேண்டும்.

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் நடந்தது இது. அப்போது அரியாலையில் ஒரு சுருட்டுக் கொட்டிலில் வேலை செய்தேன். பாயில் இரண்டு வரிசையாக இருந்து சுற்றுவோம். கைக்கு வேலை, காதுக்கு வேலையில்லை. ஆகவே எங்களில் ஒருவர் சுற்றாமல் பத்திரிகை வாசிப்பார். அவருடைய பங்குச் சுருட்டை மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகச் சுற்றிக் கொடுத்துவிடுவோம். அவரை எல்லாரும் 'அண்ணை' என்றுதான் சொல்வோம். நல்ல குரல்.

சண்டைச் செய்தி, வழக்குச் செய்தி எல்லாம் வாசித்து முடிந்தபின், கடைசியில் நகைச்சுவைக் கட்டுரை. அரைப் பக்கம் இருக்கும். அதற்காகத்தான் எல்லாரும் காத்திருப்போம். அது வாசிக்கும்போது முதலாளி வாசலில் வந்து நிற்பார். சிரித்தால் கை ஆடும், சுருட்டுக்கு வெளியே சுற்றும் மேலிலை கிழியும் என்று அவருக்குப் பயம். ஆனால் அவரும் கேட்டுவிட்டுத்தான் போவார்.

எங்கள் கொட்டிலுக்கு ஒரு வழக்கம் இருந்தது. அப்படிப்பட்ட கட்டுரைகளில் வருபவர் பெரும்பாலும் 'ஒருவர்'தான். ஒருவர் கடைக்குப் போனார், ஒருவர் மாமியார் வீட்டுக்குப் போனார். அண்ணை 'ஒருவர்' என்று வாசிக்க மாட்டார். அந்த இடத்தில் எங்களில் யாரையாவது போட்டு வாசிப்பார். சென்னையில் டிராமில் செருப்பைத் தொலைத்தவர் எங்கள் முன்வரிசைக்காரர் ஆகிவிடுவார். யாரும் கோபிப்பதில்லை. சம்பந்தமே இல்லாததால்தான் அது சிரிப்பு.

என்னை மட்டும் அண்ணை ஒருநாளும் போட்டதில்லை. நான் பேசாதவன். என்னைப் போட்டால் யாருக்கும் சிரிப்பு வராது.

அந்தக் கட்டுரைகள் எனக்கு மிகவும் பிடிக்கும். வேலை முடிந்து வாசிகசாலைக்குப் போய் அதே கட்டுரையைத் தனியே திரும்ப வாசிப்பேன். எந்த வரியில் கொட்டில் சிரித்தது, ஏன் அதற்கு முந்திய வரியில் சிரிக்கவில்லை என்று பார்ப்பேன். இறுக்கிச் சுற்றினால் புகை வராது. தளர்ந்தால் கடகடவென்று எரிந்துவிடும். எழுத்தும் அப்படித்தான் என்று எனக்குப் பட்டது.

பிறகு நானே ஒன்று எழுதினேன். யாருக்கும் சொல்லவில்லை. எங்கள் பட்டணத்து வாரப் பத்திரிகை ஒன்றுக்குப் பெயர் போடாமல் அனுப்பினேன். கொட்டில் அதைக் கேட்டுச் சிரிக்க வேண்டும். வேறொன்றும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

மாதங்கள் போயின. ஒரு வெள்ளிக்கிழமை அண்ணை பத்திரிகையை மடித்துப் பிடித்து வாசிக்கத் தொடங்கியபோது முதல் வரியிலேயே சுற்றிக்கொண்டிருந்த சுருட்டைக் கீழே வைத்துவிட்டேன். என்னுடையது.

பட்டணத்தில் பஸ் ஏறுகிறார் ஒருவர். தன் சந்தி வந்ததும் 'நிப்பாட்டுங்கோ' என்று சொல்ல வெட்கம். அப்படியே சாவகச்சேரி வரை போய்விடுகிறார். சும்மா திரும்பினால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று சந்தையில் ஒரு பூசணிக்காய் வாங்கிக்கொண்டு வருகிறார். அடுத்த கிழமையும் அதே. கட்டிலுக்குக் கீழே பூசணிக்காய் நிரம்புகிறது.

அண்ணை அந்த 'ஒருவர்' இடத்தில் போட்டது எனக்கு எதிரே இருந்தவரை. அவர் தென்மராட்சியில், அதே சாவகச்சேரிப் பக்கம், பெண் எடுத்தவர். 'தென்மராட்சி மாப்பிள்ளை' என்றே அவரைக் கூப்பிடுவோம். அதற்கு முந்திய கிழமைதான் மாமியார் தோட்டத்துப் பூசணிக்காயைச் சுமந்து வந்து கொட்டிலில் எல்லாருக்கும் வெட்டிக் கொடுத்திருந்தார். அண்ணைக்கு அது நினைவில்லை. கொட்டிலுக்கு நினைவிருந்தது. விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மாப்பிள்ளை சுற்றுப்பலகையைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"இது பேப்பரிலை இல்லை. எல்லாரும் கூடி என்னைப் பகிடி பண்ணுறியள். போன கிழமை வாங்கித் திண்ட வாயள்!"

"அட, அச்சிலை கிடக்குதப்பா. உன்ரை பேரை மட்டும்தான் நான் போட்டனான்," என்றார் அண்ணை.

"எனக்கு வாசிக்கத் தெரியாதெண்டுதானே உப்பிடிச் சொல்லுறாய்? நாளையிலையிருந்து நான் இஞ்சை வரமாட்டன்."

இலை வெட்டும் தன் கத்தியைத் துணியில் சுற்றத் தொடங்கினார். சிரிப்பு நின்றுவிட்டது. அவர் சொன்னால் சொன்னதுதான். முன்பு ஒரு கொட்டிலை அப்படி விட்டுவிட்டு வந்தவர். என் எழுத்தால் ஒரு மனிதர் வேலையை விட்டுப் போகப்போகிறார்.

"அது நான் எழுதினது," என்றேன்.

"ஆரப்பா கதைச்சது?" என்று பின்வரிசையில் ஒருவர் எட்டிப் பார்த்தார். "உவனோ? உவனுக்கு வாய் கிடக்கெண்டு இண்டைக்குத்தான் தெரியும்."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். "அண்ணையைக் காப்பாத்தப் பொய் சொல்லாதையும்."

"பொய்யில்லை."

"அப்ப மிச்சத்தைச் சொல்லும் பாப்பம்."

அண்ணை பத்திரிகையைத் தாழ்த்திக்கொண்டார். நான் பாயைப் பார்த்தபடி மீதியைச் சொன்னேன். அந்த 'ஒருவர்' நாலாவது பூசணிக்காயோடு வீட்டுக்கு வருகிறார். மனைவி வாசலில் நிற்கிறாள். ஒன்றும் கேட்காமல் வாங்கிக் கட்டிலுக்குக் கீழே உருட்டிவிட்டுச் சொல்கிறாள்: "இஞ்சாருங்கோ, இனி மாம்பழக் காலம் வருது. அப்பவும் உப்பிடியே இறங்காமல் போங்கோ."

யாரும் சிரிக்கவில்லை. நான் தவறாகச் சொல்லிவிட்டேனோ என்று நினைத்தேன்.

"உது உம்மடை வீட்டிலை நடந்ததோ?" என்றார் மாப்பிள்ளை.

"ஓம்."

"நிப்பாட்டச் சொல்ல வெக்கமோ?"

"ஓம்."

"சந்தையிலை பூசணிக்காய்க்கு என்ன குடுத்தனீர்?"

சொன்னேன்.

அவர் தலையில் கை வைத்தார். "அட கடவுளே! நாலுக்கும் அந்த விலையோ? விலை குறைக்கக் கேக்கவும் வெக்கமோ?"

அப்போதுதான் கொட்டில் சிரித்தது. முதலாளியும் சிரித்தார். மேலிலை எத்தனை கிழிந்ததோ தெரியாது. மாப்பிள்ளை சிரித்துச் சிரித்து அப்படியே பாயில் இருந்துவிட்டார். கத்தி துணிக்குள்ளேயே கிடந்தது.

"என்ரை மாமியிட்டைச் சொல்லியிருந்தால் சும்மா தந்திருப்பா, மனிசா," என்றார்.

அந்தச் சிரிப்பு என் எழுத்துக்கா, நான் கொடுத்த விலைக்கா என்று வெகுநாள் யோசித்தேன். இரண்டுக்கும்தான் என்று இப்போது தோன்றுகிறது.

அதற்குப் பிறகும் சில கட்டுரைகள் எழுதினேன். அனுப்புமுன் கொட்டிலில் வேலை தொடங்க முதல் மாப்பிள்ளைக்கு வாசித்துக் காட்டுவேன். முதலில் அவர் கேட்பது ஒன்றுதான்:

"உதிலை நான் இருக்கிறனோ?"

"இல்லை."

முகம் வாடிவிடும். "ஏன், என்னிலை என்ன குறை?" என்பார்.

எழுதி முடித்தது: 1947, ஆனி மாதம், கடைசி ஞாயிற்றுக்கிழமை.