பை நிறையப் பத்து ரூபாய் நாணயம்

அது புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை. பெருமாளுக்குப் படைத்த வடையை அம்மா அப்பாவுக்காக மூடி வைத்திருந்ததால் நாள் குறித்து எனக்குச் சந்தேகம் இல்லை. ஆண்டும் நினைவிருக்கிறது. பழைய ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போய் இன்னும் ஓராண்டு நிறையவில்லை. நான் மூன்றாம் வகுப்பு. அந்த வாரம்தான் எங்கள் மிஸ் 'பணம்' பாடத்தைத் தொடங்கியிருந்தார்.

அப்பா அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கான்ட்ராக்டரிடம் சுமை ஏற்றி இறக்கும் வேலை பார்த்தார். சனிக்கிழமைதோறும் கூலி. அன்று திருநின்றவூரில் ரயில் இறங்கி வந்தவர், சாப்பாட்டுப் பையை ஆணியில் மாட்டாமல் தரையில் வைத்தார். உள்ளே முழுக்கப் பத்து ரூபாய் நாணயங்கள்.

"இன்னாய்யா இது, எந்தக் கோயில் உண்டியல ஒடச்சிகினு வந்த?" என்றாள் அம்மா.

"கான்ட்ராக்டரு டூவீலர் ஸ்டாண்டு வெச்சிகீறான்ல, அங்க வந்த காசு. வாங்கினா வாங்கு, இல்லன்னா அடுத்த வாரம் பாக்கலாம்ன்றான்."

அந்த மாதங்களில் பத்து ரூபாய் நாணயத்தை எங்கள் பக்கம் யாரும் வாங்குவதில்லை. செல்லாது என்று முதலில் சொன்னவர் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. செல்லும் என்று அரசாங்கம் சொல்லிக்கொண்டிருந்தது. கடைக்காரர்கள் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். வங்கியில் மாற்றலாம்தான். ஆனால் அதற்குத் திங்கட்கிழமைக் கூலியை விட வேண்டும். வீட்டுக்காரரோ, ஏற்கெனவே ஒரு மாத வாடகை நின்றுபோனதால், ஞாயிறு சாயங்காலத்துக்குள் பணம் வராவிட்டால் வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருந்தார்.

இதெல்லாம் என் காதில் விழுந்தது, அவ்வளவுதான். நான் அந்தப் பையைப் பார்த்து, என் பாடத்துக்காக அப்பா கொண்டுவந்தது என்று குதித்தேன். அவர் மறுக்கவில்லை.

"ஆமா கண்ணு, உனக்குத்தான். பத்துப் பத்தா அடுக்கு."

அடுக்கி முடித்து நிமிர்ந்தபோது அவர் சுவரில் சாய்ந்தபடியே தூங்கியிருந்தார்.

காலையில் மளிகைக் கடைக்குப் போனோம். கடைக்காரர் பையைத் தொடவே இல்லை. "இத வாங்கினா என் தலையிலதான் நிக்கும்பா."

"செல்லும்னு எங்க மிஸ் சொன்னாங்க" என்றேன்.

"அப்ப உங்க மிஸ்கிட்டயே குடுத்து அரிசி வாங்கிக்க, கண்ணு."

அடுத்த கடையிலும் அதே பதில். அப்பா பையைத் தோள் மாற்றிக்கொண்டார். பிறகு ரயில் நிலையத்தை நோக்கி நடந்தார். அங்கே டிக்கெட் கவுண்டரில் மட்டும் நாணயத்தை மறுக்க மாட்டார்கள். வரிசையில் நின்று, முன்னால் நின்ற இளைஞனிடம் கேட்டார்: "அண்ணே, நோட்ட எங்கிட்ட குடுங்க. உங்க டிக்கெட்ட நான் காசு போட்டு எடுத்துத் தரேன்."

அந்த இளைஞன் அவரை மேலும் கீழும் பார்த்தான். "இன்னா அண்ணாத்தே, பிளாக்கா? டிக்கெட்டே பத்து ரூவா, இதுல இன்னாத்த சம்பாரிப்ப?"

"ஒண்ணியும் இல்லப்பா. காச நோட்டாக்கிகினு கீறேன்."

அவன் சிரித்துவிட்டு நோட்டை நீட்டினான். அப்புறம் மூன்று பேர் கொண்ட ஒரு குடும்பம், அப்புறம் பூக்காரம்மா. ஒவ்வொரு முறையும் அப்பா வரிசையின் கடைசிக்குப் போய் நின்றார். ஊரில் உள்ள எல்லோரையும் அப்பாதான் ரயிலேற்றி அனுப்புகிறார் என்று எனக்குப் பெருமை. "மூணு பேரு, முப்பது ரூவா!" என்று கத்தினேன்.

கவுண்டரில் இருந்த அம்மாள் ஒரு கட்டத்தில் கேட்டேவிட்டார். "காலைலேர்ந்து நிக்கிறீங்களே, நீங்க எந்த ஊருக்குத்தான் போறீங்க?"

"எங்கியும் போவலம்மா" என்றார் அப்பா.

மதியம் ஒரு போலீஸ்காரர் எங்களை விரட்டினார். பிளாட்பாரத்தின் கோடியில் உட்கார்ந்திருந்து, அவர் போனதும் திரும்பி வந்தோம். மற்ற ஞாயிறுகளில் அப்பா நடுப்பகல் வரை தூங்குவார். அன்று வரிசையில் நின்றபடியே அவருக்குக் கண் சொருகியது. நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

சாயங்காலம் வீட்டுக்காரர் அந்தப் பத்து ரூபாய் நோட்டுகளைப் பார்த்து, "இன்னாய்யா, கண்டக்டர் வேலைக்குப் பூட்டியா?" என்றார். ஆனாலும் எச்சில் தொட்டு எண்ணி, வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த சனிக்கிழமை அப்பா நோட்டாகவே கொண்டுவந்தார். எனக்குச் சற்று ஏமாற்றம்தான். இருந்தாலும் பிடுங்கி எண்ணினேன். போன வாரத்தைவிட இருநூறு ரூபாய் குறைந்தது. மறுபடி எண்ணிப் பார்த்து, "அம்மா, எரநூறு கம்மி!" என்றேன்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். "நோட்டா வேணும்னா கான்ட்ராக்டரு அவ்ளோதான் தருவானாம்" என்றார் அவர், தணிந்த குரலில். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ எண்ணினது கரெக்டு கண்ணு" என்று சொல்லிவிட்டுப் பாயை விரித்தார்.

மறுநாள் வெகுநேரம் அவர் எழவில்லை. அவரை எழுப்பாமல் சட்டைப் பைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். பிறகு வெளியே வந்து, ரயிலடி வரைக்கும் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். அந்த இருநூறு ரூபாய், அப்பா வரும் வழியில் எங்கேயோதான் விழுந்திருக்க வேண்டும்.