வாப்பாவின் பக்கம்

இன்று ஜும்ஆத் தொழுகை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும், நெய்ச்சோற்றில் வெந்த ரம்பை இலை மணம் என்னைக் கல்முனைக்குடியில் கடல் கொண்டுபோன எங்கள் குசினி அடுப்படிக்கே இழுத்துப்போனது. அங்கே ஒரே சஹன் தட்டைச் சுற்றி அமர்ந்து, அவரவர் பக்கத்துச் சோற்றை மட்டும் உண்போம். மீன்பிடிக்கப் போய்த் திரும்பாத வாப்பாவின் பக்கத்தை உம்மா தொடவிடமாட்டார்.

"அதுல கை வெக்காத மகன், பசியோட வருவார்."

அலை இரைய இரைய நாங்கள் தின்போம், அந்தப் பக்கத்துச் சோறு மட்டும் மதில்போல் நிற்கும். சில வெள்ளிக்கிழமைகளில் அது நனைந்து, விரல் அளைந்ததுபோல் சரிந்திருக்கும், உம்மா தட்டைக் கழுவுவார்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இன்று சஹனை வைத்ததும், என் சின்ன மகள் எனக்குப் பக்கத்தில் வெறும் பாயைப் பார்த்துச் சிரித்தாள்.

"கொஞ்சம் தள்ளி இரிங்க வாப்பா, இவருக்கு இடம் காணாது."