அக்காவின் சேறு

கருத்துக் கேட்பு என்ற வார்த்தை காதில் விழுந்தாலே இப்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. கேட்கவில்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. பந்தல் போட்டு, நாற்காலி போட்டு, டீயும் சமோசாவும் கொடுத்துத்தான் கேட்கிறார்கள்.

நான் பிறந்தது எண்ணூர் கழிமுகத்தை ஒட்டிய குப்பம். கல்யாணமாகி ராயபுரம் வந்துவிட்டேன். அக்கா உள்ளூரிலேயே வாக்கப்பட்டாள். மாமாவுக்கு இடுப்பு போய் கடலுக்குப் போவது நின்ற பிறகு, அவள் இறால் தடவித்தான் வீடு ஓடுகிறது. தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து ஆற்றோரச் சேற்றில் இறங்கி, மண்டி போட்டு, இரண்டு கையாலும் துழாவ வேண்டும். ஓலையில் பின்னிய பறியைப் பல்லால் கடித்துக்கொண்டிருப்பார்கள். அகப்பட்ட இறால் நேராக அதற்குள் போகும். எங்கள் ஊரில் இது முழுக்கப் பெண்கள் வேலை. ஆண்களுக்குப் படகும் வலையும்.

அந்தச் சேறு வனத்துறைக் கணக்கில் காட்டு நிலம் என்பது எங்களுக்கு வெகு தாமதமாகத்தான் தெரிந்தது. மரமே இல்லாத காடு. முன்னொரு காலத்தில் அங்கே அலையாத்தி மரங்கள் அடர்ந்திருந்தனவாம், மறுபடி நட்டு வளர்க்கப் போகிறார்களாம், அதற்குமுன் பொதுமக்கள் வந்து அபிப்பிராயம் சொல்ல வேண்டுமாம். நல்ல காரியம்தான். சுற்றிலும் புகைபோக்கியும் சாம்பலுமாக இருக்கும் இடத்தில் நாலு மரம் வந்தால் யாருக்குக் கசக்கும்? எந்த இடத்தில் வருகிறது என்பதுதான் என் கவலை.

எங்கள் ஊருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. வெளியாட்கள் முன்னால் ஊர் ஒரே வாயால்தான் பேசும். கூட்டம் என்றால் அதற்கு முதல்நாளே அம்மன் கோயில் வாசலில் பஞ்சாயத்து கூடும். ஆண்கள் உட்கார்ந்து எல்லாவற்றையும் அலசுவார்கள், அடித்துக்கொள்ளவும் செய்வார்கள். பெண்கள் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நின்று காதில் விழுந்ததைக் கேட்டுக்கொள்ளலாம். மறுநாள் தலைவர் மட்டும் பேசுவார், மற்றவர்கள் பின்னாலிருந்து தலையாட்டுவார்கள். கம்பெனிக்காரர்களிடம் பல தடவை இந்த ஒற்றை வாய்தான் எங்களைக் காப்பாற்றியது. அதனால் அதை யாரும் சந்தேகப்பட்டதில்லை.

கூட்டத்தன்று நான் வேலைக்கு லீவு போட்டுவிட்டு பஸ் பிடித்துப் போனேன். சமுதாயக் கூடத்தில் பெரிய வரைபடம் ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். அக்காவின் சேறு முழுக்கப் பச்சை அடித்திருந்தது. நகரத்திலிருந்து காரில் வந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து பறவைகளைப் பற்றியும் புயலைப் பற்றியும் அழகாகப் பேசினார்கள். அதற்கப்புறம் எங்கள் தலைவர் மைக் வாங்கினார்.

"எங்க ஊருக்கு ஒரே பேச்சுதான் சார். படகு போற வழிய மட்டும் வுட்டுடுங்க. மத்த எடத்துல நீங்க இன்னா நட்டாலும் எங்களுக்கு ஆட்சேபணை இல்ல."

ஊரே தலையாட்டியது. பக்கத்தில் திரும்பிப் பார்த்தால் அக்காவும் ஆட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. உன் சேற்றைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லையே, எழுந்து சொல் என்று இடித்தேன்.

"கம்முனு குந்துடி. தலைவரு பேசிக்கினு கீறாருல்ல" என்றாள்.

கூட்டத்தை நடத்திய அதிகாரியைக் குற்றம் சொல்ல மாட்டேன். பெண்கள் யாராவது பேசுகிறீர்களா என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். பெண்கள் தலைவர் முகத்தைப் பார்த்தார்கள். பொறுக்க முடியாமல் நான் எழுந்து, அந்தச் சேற்றை நம்பி எத்தனையோ அடுப்பு எரிகிறது என்று சொல்ல ஆரம்பித்தேன். அதற்குள் தலைவர் சிரித்துக்கொண்டே குறுக்கே வந்தார். இது கட்டிக்கொடுத்த பொண்ணு, ராயபுரத்தில் இருக்கிறது, எங்கள் ஊர்க் கணக்கில் வராது என்றார். எங்கிருந்தோ காரில் வந்தவர்கள் பேசலாம். அதே சேற்றில் விழுந்து எழுந்து வளர்ந்த நான் பேசக்கூடாது. அதிகாரி விடாமல், பெண்கள் அங்கே இறால் பிடிக்கிறார்களா என்று அவரிடமே கேட்டார்.

"அது கொழம்புக்குத் தடவறது சார். பொழப்புக்கு இல்ல."

கூடம் சிரித்தது. மாமாவின் மாத்திரையும் வீட்டு அரிசியும் அந்தக் குழம்பிலிருந்துதான் வருகின்றன என்பது அங்கே சிரித்த அத்தனை பேருக்கும் தெரியும். தலைவர் கெட்டவர் இல்லை. கோயில் வாசலில் யாரும் சொல்லாததை அவர் எங்கிருந்து சொல்வார்? இப்படி எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன், ஆத்திரம் அடங்கவில்லை.

மழை முடிந்து நடவு தொடங்கியது. படகு வழியை அழகாக விட்டுவிட்டார்கள். கான்ட்ராக்டர் கூட்டிவந்த ஆட்கள் சேற்றில் இடுப்புவரை புதைந்து அலறியதால், உள்ளூர்ப் பெண்களையே கூலிக்குக் கூப்பிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அக்கா வரிசை பிடித்துக் கன்று நட்டுக்கொண்டிருந்தாள். உன் கையாலேயே உன் கண்ணைக் குத்திக்கொள்கிறாயே என்று கரையிலிருந்து கத்தினேன். நான் நடவில்லை என்றால் வேறொருத்தி நடப்போகிறாள், கூலியாவது வரட்டும் என்று நிமிராமலே சொன்னாள். நட்டு முடிந்ததும் சுற்றி வலையால் வேலி போட்டுவிட்டார்கள். உள்ளே காலடி படக்கூடாது. காடு வளர்ந்தால் இறால் தானாகப் பெருகும் என்றார்கள். பெருகட்டும். அதுவரை அக்கா எதைத் தடவுவாள்? இப்போது அவள் காசிமேட்டில் இறால் உரிக்கும் கூலிக்குப் போகிறாள், யாரோ பிடித்த இறால்.

இந்த வருஷம் அடுத்த கட்ட நடவுக்கு மறுபடி கூட்டம் அறிவித்தார்கள். இந்தத் தடவை வரைபடத்தில் பச்சை, ஆண்கள் மீனுக்கு வலை கட்டும் இடத்துக்கு வந்துவிட்டது. தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். பஞ்சாயத்து கூடி, இனிமேல் ஒரே பேச்சு உதவாது, ஆளாளுக்குப் பேச வேண்டும், பெண்கள் பேசினால் அதிகாரிகள் காது கொடுக்கிறார்கள் என்று முடிவு செய்தது. தலைவரே அக்கா வீட்டுக்கு வந்து கூப்பிட்டார். நானும் அங்கேதான் இருந்தேன். அவர் தலை மறைந்ததும் போகாதே என்று குதித்தேன். அவர்கள் பட்டுத்தான் தெரிந்துகொள்ளட்டும் என்றேன்.

"அவங்க வலையும் போச்சுன்னா ஊரு பசங்க இன்னாத்த துன்னுவாங்க?" என்று கேட்டுவிட்டு, இருப்பதில் நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். நானும் கூடவே போனேன்.

பெண்கள் யாராவது பேசுகிறீர்களா என்று புதிதாக வந்திருந்த அதிகாரி கேட்டார். தலைவர் அக்காவைப் பார்த்து ஜாடை காட்டினார். அவள் எழுந்தாள். மைக்கை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாமல் கொஞ்சம் தடுமாறினாள். வலை கட்டும் இடத்தைத் தொடாதீர்கள் என்று, தலைவர் சொல்லிக் கொடுத்ததை முதலில் ஒழுங்காகச் சொன்னாள். அத்தோடு நிறுத்தவில்லை.

"போன தபா எங்க சேத்துல நட்டுட்டீங்க சார். நாங்க பொம்பளைங்க அத்த நம்பித்தான் பொழச்சோம். அதுல கொஞ்சமாவது எங்களுக்குத் தொறந்து வுடுங்க."

தலைவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி கையிலிருந்த காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ரொம்ப மரியாதையாகவே பதில் சொன்னார்.

"அது போன கூட்டத்துலயே முடிவானதும்மா. உங்க ஊர்ல ஒருத்தர்கூட ஆட்சேபணை சொல்லலயே."

அக்கா மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள்.