எஞ்சினைத் தின்றவன்

அந்த மெக்கானிக்கை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் போல ஓரிடத்தில் நிற்காமல் பறப்பதால் 'வெந்நீர்' என்றே பெயர் விழுந்துவிட்டது. கடைசிக் கவளம் வாயில் இருக்கும்போதே எழுந்து கை கழுவப் போவார். மற்றவர் ஆரம்பிக்கும் வாக்கியத்தை அவரே முடித்து வைப்பார், பெரும்பாலும் தப்பாக. முதல் குழந்தை பிறந்தபோது, என்ன குழந்தை என்று கேட்கக்கூடப் பொறுமையில்லாமல் தெருவெல்லாம் பையன் என்று சொல்லிவிட்டு வந்தார். உள்ளே தொட்டிலில் கிடந்தது பெண். அவள் இப்போது வேலைக்குப் போகிறாள், இன்னமும் சில பேர் அவளிடம் அண்ணன் சௌக்கியமா என்று விசாரிக்கிறார்கள்.

எஞ்சின் என்று வந்துவிட்டால் மட்டும் ஆள் வேறு. துருப்பிடித்த ஒரு நட்டுக்குச் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டு அரைநாள் காத்திருப்பார். "உங்க கைக்கு இருக்கிற பொறுமையில கால்வாசி வாய்க்கு இருந்திருந்தா, நாம எங்கயோ இருந்திருப்போம்" என்பது அவர் மனைவி அடிக்கடி சொல்வது. அதையும் அவர் முழுதாகக் கேட்டதில்லை.

டோசர் முதலாளி கூப்பிட்டது ஒரு காலை நேரத்தில். எஞ்சின் ஜாமாகிவிட்டது, உடனே வா என்றார். உடனே என்பதெல்லாம் இவருக்குச் சொல்ல வேண்டிய வார்த்தையா? போனை வைப்பதற்குள் வண்டியை உதைத்துவிட்டார்.

மழைக்காலம் முழுக்க வேலையில்லாமல் வெட்டவெளியில் நின்றிருந்த, மண் தள்ளும் கிழட்டு டோசர் அது. அதை ஓட்டுபவர் வெந்நீரின் தங்கை கணவர். மாப்பிள்ளை நிதானமான ஆள். ஒரு கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். இரண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம். முதலாளி டோசரை விற்கப் போவதால் மாப்பிள்ளைக்கு வேறு இடம் தேவைப்பட்டது. ஒரு கல்குவாரியில் ஏறக்குறைய முடிவாகியும் இருந்தது. புது மெஷின், குடியிருக்க வீடு, வீட்டுக்குள்ளேயே குழாய். சமையலுக்கும் படுக்கைக்கும் நடுவே ஒரு திரையை மட்டும் தொங்கவிட்டுக் குடித்தனம் நடத்திய தங்கைக்கு, அந்தக் குழாயைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியவில்லை.

வெந்நீர் டோசர் மேல் ஏறிச் சாவியைத் திருப்பினார். செல்ஃப் 'டக்' என்று ஒரு அடி அடித்து நின்றது. இறங்கி வந்து எஞ்சினின் ஃபேனைக் கையால் தள்ளிப் பார்த்தார். மலையைத் தள்ளுவது போலிருந்தது.

"ஆயில் இல்லாம ஓட்டியிருப்பான்" என்றார் முதலாளி.

"அதேதான்" என்றார் வெந்நீர்.

சரியாக அந்த நேரத்தில் அவர் போன் அடித்தது. குவாரி மேனேஜர். ஆளைச் சேர்ப்பதற்கு முன், அவர் ஓட்டும் மெஷினைப் பார்க்கும் மெக்கானிக்கிடம் ஒரு வார்த்தை விசாரித்துக்கொள்ள நினைத்திருக்கிறார். வெந்நீருக்கு ஒரு பெருமை உண்டு. சொந்தம் பந்தம் என்று பார்த்து உண்மையை வளைக்கமாட்டாராம்.

"மூடி மறைக்கிற ஆள் நான் இல்ல சார். தங்கச்சி புருஷன்தான். ஆனா இப்ப மெஷின் முன்னாலதான் நிக்கறேன். ஆயில் பார்க்காம ஓட்டி எஞ்சினைத் தின்னுட்டான்."

அந்தத் தொழிலில் இதைவிடக் கெட்ட வார்த்தை கிடையாது. எஞ்சினைத் தின்றவன் என்று பெயர் வாங்கிய ஆபரேட்டருக்கு யாரும் சாவி கொடுக்கமாட்டார்கள். அதைச் சொன்ன மனிதர் இன்னும் ஆயில் அளவு காட்டும் கம்பியை இழுத்துக்கூடப் பார்த்திருக்கவில்லை.

போனைப் பையில் போட்ட பிறகுதான் இழுத்தார். அவர் சொன்னபடி அடியில் கிடக்க வேண்டிய ஆயில் கோட்டுக்கு மேலே ஏறி நின்றது. துடைத்துவிட்டு மறுபடி விட்டு இழுத்தார், அதே அளவு.

"நீங்க ஆயில் ஊத்தினீங்களா?"

"நான் எதுக்கு ஊத்தறேன்? தொடவே இல்ல" என்றார் முதலாளி.

அடியில் படுத்து வடிகால் நட்டைத் தளர்த்தினார். முதலில் வந்தது தண்ணீர். அப்புறம் ஆயில், குறைவில்லாமல். விரலில் தேய்த்து வெயிலில் காட்டினார். உலோகத் துகள் ஒன்றுகூட இல்லை. வறண்டு ஓடிய எஞ்சினாக இருந்திருந்தால் உள்ளிருப்பதெல்லாம் பொடியாகி மினுக்கும். இது ஓடும்போது இறுகிப்போன எஞ்சின் அல்ல, நிற்கும்போது இறுகியது.

அதற்குள் மாப்பிள்ளை சைக்கிளை ஓரமாகச் சாய்த்துவிட்டு வந்து சேர்ந்தார். இருவருமாக, டீசலைப் பீய்ச்சும் நாசில்களைக் கழற்றினார்கள். வெந்நீர் ஒவ்வொரு ஓட்டையிலும் டார்ச் அடித்துக்கொண்டே போனார். மூன்று சிலிண்டர்கள் உலர்ந்து கறுப்பாக இருந்தன. நாலாவதில் செம்மண் நிறத்தில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. பிஸ்டன் வளையங்கள் துருவேறிச் சுவரைக் கவ்விக்கொண்டிருந்தன.

அண்ணாந்து புகைக்குழாயைப் பார்த்தார். மொட்டையாக நின்றது.

"மாப்ள, டப்பா எங்க?"

மெஷினை நிறுத்தினால் மழை இறங்காதபடி குழாயின் வாயில் ஒரு காலி டப்பாவைக் கவிழ்ப்பது வழக்கம். மாப்பிள்ளை வழக்கம்போல யோசித்தார். வெந்நீருக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"கவுத்துட்டுத்தான் போனேன், மச்சான்."

குழாயில் விளிம்புவரை புது மஞ்சள் பெயின்ட் பளபளத்தது. டப்பாவை எடுக்காமல் அங்கே தூரிகை போகவே போகாது. வெந்நீர் ஷெட்டுக்குப் பின்னால் ஓடினார். டப்பா அங்கே கிடந்தது, உள்ளே மஞ்சள் பெயின்ட் காய்ந்து, தூரிகையும் அதிலேயே ஒட்டிக்கொண்டு.

முதலாளி மூக்கைச் சொறிந்தார். "விக்கற மெஷின் பார்க்க நல்லா இருக்கட்டும்னு நான்தான் ஆளை விட்டு அடிக்கச் சொன்னேன்..." என்று இழுத்தவர், உடனே வேறு யோசனைக்குத் தாவினார். "சங்கிலி போட்டு இன்னொரு மெஷினால இழுத்துடலாமா?"

"இழுத்தா பிஸ்டன் ராடு வளைஞ்சு எஞ்சின் பக்கத்தைப் பிச்சுக்கிட்டு வெளிய வரும். அப்புறம் இரும்புக் கடைக்குத்தான் இழுக்கணும்."

தண்ணீரை உறிஞ்சி எடுத்துவிட்டு, டீசலும் கியர் ஆயிலும் கலந்து சிலிண்டரில் ஊற்றினார். இனி ஊற வேண்டும். செய்வதற்கு ஒன்றுமில்லை. வெந்நீர் மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தார். துடைத்த ஸ்பேனரையே திரும்பத் துடைத்தார். போனை எடுத்தார், பையில் போட்டார், மறுபடி எடுத்தார். மேனேஜரிடம் உண்மையைச் சொல்ல அரை நிமிஷம் போதும். எஞ்சின் ஓடட்டும், அந்தச் சத்தத்தையே கேட்க வைத்துச் சொல்வோம் என்று தனக்குத்தானே சாக்குச் சொல்லிக்கொண்டார். நிஜத்தில் வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். ஆயுசில் அவர் தள்ளிப்போட்ட வேலை அது ஒன்றே.

மறுநாள் ஃப்ளைவீல் பற்களில் கடப்பாரையைக் கொடுத்து இருவரும் அசைத்தார்கள். முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம். நகரவில்லை. மறுபடி ஊற்றி, மறுபடி காத்திருந்தார்கள்.

"அடுத்த வாரம் வீடு மாத்தணும், மச்சான்" என்றார் மாப்பிள்ளை. கேட்காமலே அவர் பேசுவது அபூர்வம். "உங்க தங்கச்சி புது வீட்டு ஜன்னலுக்குத் துணிகூட தைக்க ஆரம்பிச்சுட்டா. ஜன்னல் எவ்வளவு பெரிசுன்னு தெரியாமலே தைக்கறா. உங்க ரத்தம்தானே."

வெந்நீருக்குச் சிரிப்பு வரவில்லை. "தள்ளு, தள்ளு" என்று கடப்பாரையைப் பிடித்தார்.

பிற்பகலில் உள்ளே 'கிறீச்' என்றது. ஒரு பல் நகர்ந்தது. பின்னால் தள்ளினார்கள், இரண்டு பல். வெந்நீருக்கு ஒரே மூச்சில் சுற்றிவிட வேண்டும் என்று கை பரபரத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பல் பல்லாகவே போனார். முழுச் சுற்று சுற்றியபோது நாசில் ஓட்டையிலிருந்து துருத் தண்ணீர் பீய்ச்சி அவர் முகத்தில் அடித்தது. மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்தார்.

புது ஆயில் ஊற்றி, நாசில்களைப் பூட்டி, செல்ஃப் அடித்தார்கள். வெள்ளைப் புகை குபுகுபுவென்று வந்தது. இருமியது, உதறியது, அப்புறம் சீராகப் பிடித்துக்கொண்டது. மாப்பிள்ளை இருக்கையில் உட்கார்ந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். வெந்நீர் ஷெட்டுக்குப் பின்னால் போய்ப் போன் போட்டார்.

"சார், சத்தம் கேக்குதா? அந்த எஞ்சின்தான். மழைத்தண்ணி இறங்கி ஜாம் ஆயிருக்கு. ஓட்டினவர் மேல தப்பே இல்ல. நான்தான் பார்க்காம சொல்லிட்டேன்."

மேனேஜர் மரியாதையாகத்தான் பேசினார். "நேத்து சொந்தம்னு பார்க்காம சொன்னீங்க, அதனாலதான் நம்பினேன். இன்னிக்குத் தங்கச்சிக்காகப் பேசறீங்க. யாரா இருந்தாலும் பேசத்தான் செய்வாங்க, புரியுது. நேத்து சாயங்காலமே வேற ஆளைப் போட்டுட்டேன்."

"சார், நான் சொல்றது..."

போன் வைக்கப்பட்டுவிட்டது. முதன்முறையாக அவருடைய வாக்கியத்தை வேறொருவர் முடித்துவைத்தார்.

மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு நேரே தங்கை வீட்டுக்குப் பறந்தார். திரை கழற்றப்பட்டிருந்தது. பாத்திரங்கள் மூட்டையாகக் கட்டிக் கிடந்தன. தங்கை ஜன்னல் துணியின் ஓரத்தை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். வெந்நீர் வாசலிலேயே, செருப்போடு, நிலையில் ஒரு கையை ஊன்றியபடி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். குவாரி வேலை போச்சு, என்னாலதான், தப்புத்தான், மன்னிச்சுடும்மா, நாளைக்கே வேற இடம் பார்க்கறேன், இப்பவே ரெண்டு பேரைப் பார்க்கணும், வரேன். சொல்லிக்கொண்டே திரும்பியும்விட்டார்.

"நில்லு."

நின்றார். அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு நிமிர்ந்தாள். கண் நிறைந்திருந்தது.

"அவருக்குத் தெரியுமா?"

"இன்னும் இல்லம்மா. நீ கொஞ்சம் பக்குவமா..."

"நான் சொல்ல மாட்டேன். நீதான் சொல்லணும். உள்ள வந்து உக்காரு."

"அதுக்குள்ள நான் ஒரு நடை போய்..."

"அண்ணே, மன்னிப்பையாவது மெதுவா கேளு."

அவள் குரலை உயர்த்தவில்லை. மறுபடி தைக்கவும் இல்லை. பாத்திர மூட்டையின் முடிச்சை அவிழ்த்து, ஒரு டம்ளரைத் தேடி எடுத்துத் தண்ணீர் மொண்டு அவர் பக்கத்தில் வைத்தாள். வெந்நீர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார். மாப்பிள்ளை சைக்கிளில் வருபவர், வந்து சேர நேரமாகும்.