சுஹறாவின் முன்வளவுப் புல்

சாய்ந்தமருதில் மதிலோடு மதில் முட்டி நிற்கும் வீடுகளுக்கு நடுவே, சுஹறாவின் முன்வளவில் மட்டும் புல் வளர்ந்தது. நாலு பாய் விரிக்கலாம், அவ்வளவுதான் இடம். “இந்தப் புல்ல ஆடா திங்கப்போகுது?” என்று கேட்காத ஆள் அந்த ஒழுங்கையில் இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் அவளிடம் ஒரே பதில்தான்.

“நான் பாக்கிறதுக்கு.”

ஐம்பத்திரண்டு வயதில் அவள் தனக்கென்று ஆசைப்பட்டு வைத்திருந்தது அது ஒன்றுதான். மாரியில் வெள்ளம் வடிய வாய்க்கால் கீறுவாள். மழை விட்டதும் கோரையைக் கிழங்கோடு கிண்டி எறிவாள். ஆடி ஆவணியில் கிணறு உவராகிவிடும். அந்தத் தண்ணீர் பட்டால் புல் கருகும். ஆகவே ஐந்து நேரத் தொழுகைக்கு வீட்டார் குழாயில் கைகால் கழுவி வுழுச் செய்யும் தண்ணீரைப் பேசினில் பிடித்து, வெயில் தாழ்ந்ததும் தெளிப்பாள். பேசின் வைக்காமல் வுழுச் செய்தவர் அன்று அவள் வாயில் விழவேண்டியதுதான்.

மகள் நுஸ்ஹாவுக்குக் கலியாணம் பொருந்தியது. இந்தக் கரையில் வீடு பெண்ணுக்கு. தனக்குச் சீதனமாய் வந்த வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, உம்மாவும் வாப்பாவும் பின்வளவில் சின்னதாய் ஒன்றைக் கட்டி ஒதுங்குவது வழமை. சுஹறாவுக்கு அதில் மனத்தாங்கலே இல்லை. பின்வீட்டுக்கு ஓடும் போட்டாயிற்று.

வினை, மாப்பிள்ளையின் பெரியவாப்பா கச்சிமுகம்மது ஹாஜியாரோடு வந்தது. ஆவணி வெயிலில் வீடு பார்க்க வந்தவர், பழுப்பேறிக் கிடந்த புல்லைச் செருப்பால் கிளறினார்.

“தங்கச்சி, இது செத்த புல்லு. கலியாணத்துக்கு முன்னுக்கு இன்டர்லொக் கல்லப் பதிச்சிருங்க. மாப்பிள்ள கார் விடோணுமே.”

“சாகல்ல காக்கா. வேர் உயிரோட கிடக்கு.” சுஹறா அவரை அண்ணன் முறை வைத்தே பேசினாள்.

அவள் கணவர் மசூர், சம்மந்தி வீட்டார் இருமினாலே தண்ணீரோடு ஓடுகிற மனிதர். மறுகிழமையே கல் ஏற்றிய டிரக்டர் வாசலில் வந்து நின்றது. சுஹறா கேற்றைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“நாலு பேருக்கு முன்னால என்ட மானத்த வாங்காத, சுஹறா.”

“இது என்ட வாப்பா எனக்குத் தந்த வளவு. ஒங்களுக்குக் கல்லுப் பதிக்க ஆசையெண்டா ஒங்கட ராத்தாட வளவில போய்ப் பதிங்க.”

அக்காவின் வளவில் மசூருக்கு என்ன இருக்கிறது? டிரக்டர் திரும்பிப் போனது.

புல்லுக்காக மகளின் வாழ்வைக் கெடுக்கிறாள் என்று ஊர் கதைத்தது. “கலியாணம் நிண்டு போனா என்ன செய்யிற உம்மா?” என்று நுஸ்ஹாவும் கேட்டாள். அந்தக் கேள்வி சுஹறாவைச் சுட்டது. அழுதாள். அழுது முடித்து, தண்ணீர் வாளியைத் தூக்கினாள்.

வீட்டு உறுதிப் பத்திரம் எழுதும் நாளில் நொத்தாரிசுக்கு முன்னால் எல்லாரும் இருந்தார்கள்.

“வீடு மகளுக்கு. முன்வளவுக்கு மட்டும் எனக்குச் சீவிய உரித்துப் போடுங்க. நான் மௌத்தாகிற வரைக்கும் அதில ஒரு கல்லும் விழப்படா.”

ஹாஜியார் கதிரையை விட்டு எழுந்தார். “நாங்க ஒத்துக்கொள்ளாட்டி?”

“வீடு என்னோட இருக்கட்டும். மாப்பிள்ள ஒங்களோட இருக்கட்டும்.”

வீடில்லாமல் மாப்பிள்ளை எங்கே குடிபோவது? ஹாஜியார் மெல்லத் திரும்பவும் கதிரையில் இருந்தார். நொத்தாரிசு எழுதினார். சுஹறா வாசித்துப் பார்த்துத்தான் கையெழுத்து வைத்தாள்.

வெளியே வரும்போது ஹாஜியாருக்குப் பொறுக்கவில்லை. “ஒரு புல்லுக்கு இவ்வளவு பிடிவாதமா தங்கச்சி?”

“முப்பது வருசமா எல்லாத்துக்கும் ஓம் ஓம் எண்டுதான் சொன்ன நான், காக்கா. இதுக்கு மட்டும் சொல்ல மாட்டன்.”